மறு: குடல் சீதப்படலத்து ‘ஷ்வான் செல் ஹமார்ட்டோமா’வுக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

நரம்பிழைகளுக்கு உறையாக இருக்கும் ஷ்வான் செல்கள், பெருங்குடலின் உள்படலமான சீதப்படலத்தில் கூடுதலாகச் சேர்ந்து உண்டாகும் சிறு மேடு இது. நம் அகராதிக்காக இதற்குப் பெயர் தேடும் இந்த இழையில் வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்தேன். “குடல் நரம்புக் கட்டி என்று வைத்தால் போதும், யாருக்கும் புரியும்” என்ற கருத்துக்கு ஆதரவு கூடிக்கொண்டே போகிறது. அந்தப் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே எழுதுகிறேன். நான் திசுநோயியல் மருத்துவர்; குடல் பயாப்ஸிகளை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவது என் அன்றாட வேலை. நோயறிதல் எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லாமல் என் தயக்கத்தை விளக்க முடியாது. மடல் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கொலனோஸ்கோப்பி (கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்யும்போது பெருங்குடலின் கீழ்ப்பகுதியில் சிறியதாக ஒரு பாலிப், அதாவது உட்சுவரில் எழும் மேடு, தெரிகிறது. நோயாளிக்கு அதனால் எந்தத் தொந்தரவும் இருந்திருக்காது. வேறு எதற்காகவோ, அல்லது வயது கருதிச் செய்யும் பரிசோதனையிலோ தற்செயலாகத் தட்டுப்படுவது. அளவு சில மில்லிமீட்டர். மருத்துவர் இடுக்கியால் கிள்ளி எடுத்து ஃபார்மலின் குப்பியில் போட்டு அனுப்புகிறார். ஆய்வகத்தில் அது மெழுகுக் கட்டையாகி, மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் சீவப்பட்டு, ஹெமடாக்சிலின், இயோசின் என்ற சாயங்கள் ஏறி, ஸ்லைடாக என் மேசைக்கு வருகிறது.

நல்ல சீதப்படலத்தில் சுரப்பிக் குழிகள் ஒன்றையொன்று நெருங்கி இணையாக நிற்கும். இந்த ஸ்லைடில் அவை விலகி நிற்கின்றன. நடுவே இளஞ்சிவப்பாக ஒரு பரப்பு. உற்றுப் பார்த்தால் இரு முனையும் ஒடுங்கிய நீண்ட செல்கள், லேசாக நெளிந்த உட்கருக்கள். ஒரு செல் எங்கே முடிந்தது, அடுத்தது எங்கே தொடங்கியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஓரமும் தெளிவாக இராது. சுற்றியுள்ள திசுவுக்குள் மெல்லக் கரைந்துவிடும். பிளவுபடும் செல்கள் கிடையாது, உருக்குலைந்த உட்கருக்களும் கிடையாது. புற்று இல்லை என்பது இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும்.

புற்று இல்லை என்று தெரிந்த பிறகுதான் வேலை தொடங்குகிறது. இப்படி இளஞ்சிவப்பாக, நெளிந்த உட்கருக்களோடு இருக்கக்கூடியவை பல. அவற்றில் எது என்பதைப் பொறுத்து நோயாளி போகும் வழியே மாறும்.

முதலில் எஸ்-100 இம்யூனோ போடுவோம்; குறிப்பிட்ட ஒரு புரதம் இருக்கும் செல்களை மட்டும் நிறமேற்றிக் காட்டும் சோதனை இம்யூனோ. (எஸ்-100 என்பது 1965-இல் மாட்டு மூளையிலிருந்து பிரித்த புரதம். முழுச் செறிவுள்ள, அதாவது 100 விழுக்காடு செறிவூட்டிய அம்மோனியம் சல்ஃபேட் கரைசலிலும் கரைந்ததால் அந்த 100.) ஷ்வான் செல்களில் இது பழுப்பாக ஏறும். நாம் பெயர் தேடும் இந்தப் பாலிப்பில் பரப்பு முழுக்க, ஒரே சீராக, அழுத்தமான பழுப்பு. நரம்புக் கற்றையின் உறைச் செல்களைக் காட்டும் இஎம்ஏ என்ற ஸ்டெயின் ஏறாது. தசைக்கான ஸ்டெயின்கள் ஏறா. சிடி117-உம் ஏறாது, ஆகவே ஜிஸ்ட் எனப்படும் கட்டி இல்லை. ஜிஸ்ட் குடல்சுவரின் தசையடுக்கிலிருந்து கிளம்புவது, இத்தனை மேலே சீதப்படலத்துக்குள் அது தொடங்குவது அரிது என்பதும் துணைக்கு நிற்கும்.

இதே பரப்புக்குள் பெரிய உருண்டைச் செல்கள், அகன்ற உடலும் எடுப்பான உட்கருமணியுமாகத் தட்டுப்பட்டால் கதை வேறு. அவை நரம்புமுடிச்சுச் செல்கள். அப்போது நோய் கேங்க்ளியோநியூரோமா. முதல் சீவலில் அவை தெரியாமல் போகலாம் என்பதால், “இன்னும் ஆழமாக வெட்டித் தாருங்கள்” என்று டெக்னீஷியனிடம் கட்டையைத் திருப்பி அனுப்புவது வழக்கம். கேங்க்ளியோநியூரோமா ஒற்றைப் பாலிப்பாக இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. எண்ணற்ற பாலிப்புகளாகக் குடல் முழுக்க இருந்தால், கட்டிகள் வராமல் தடுக்கும் பீடென் மரபணுவில் கோளாறா என்று பார்க்க வேண்டும். தனித்தனி முடிச்சாக இல்லாமல் குடல்சுவரில் பரவிக் கிடந்தால் மென்-2பி, என்எஃப்-1 என்ற பரம்பரை நோய்கள் இரண்டையும் நினைத்தே ஆக வேண்டும்.

மென்-2பி என்பது விளையாட்டில்லை. ரெட் மரபணு மாற்றத்தால் வருவது. உதட்டிலும் நாக்கிலும் சிறு நரம்புப் புடைப்புகள் (சீதப்படல நியூரோமா), பிறந்ததிலிருந்தே தீராத மலச்சிக்கல், நீண்ட கைகால்கள். தைராய்டில் வரும் மெடுல்லரி புற்றுநோய் இந்தக் குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலேயே தொடக்கூடும். அதனால்தான் கடுமையான மாற்றம் உறுதியானால் முதல் வயதுக்குள்ளேயே தைராய்டை எடுத்துவிடச் சொல்கிறார்கள். குடல் பயாப்ஸியில் ‘சீதப்படல நியூரோமா’ என்று எழுதினால், படிக்கும் மருத்துவர் மனத்தில் இத்தனையும் ஓட வேண்டும். ஓடாவிட்டால்தான் தவறு.

அடுத்தது நியூரோஃபைப்ரோமா, அதாவது நரம்புநார்க் கட்டி. அதிலும் ஷ்வான் செல்கள் உண்டு. ஆனால் கூடவே நார்ச்செல்கள், மாஸ்ட் செல்கள், ஊடே ஓடும் நரம்பிழைகள் எல்லாம் கலந்திருக்கும். எஸ்-100 சீராக ஏறாமல் விட்டுவிட்டு ஏறும்; நியூரோஃபிலமென்ட் போட்டால் நரம்பிழைகள் தெரியும். குடலில் இதைச் சொன்னால் என்எஃப்-1 பற்றிக் கேட்டாக வேண்டும்: தோலில் பால்காப்பி நிறத் தேமல்கள் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று.

2009 வரை நம் பாலிப்புக்கென்று தனிப்பெயர் இல்லை. நியூரோஃபைப்ரோமா என்றோ நியூரோமா என்றோ எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த ஆண்டில் பாஸ்டனில் கிப்ஸன், ஹார்னிக் என்ற இருவர் இத்தகைய 26 பாலிப்புகளைத் திரட்டிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் என்எஃப்-1 இல்லை, மென்-2பி இல்லை. ‘இவற்றை அந்தப் பெயர்களால் அழைக்காதீர்கள், பரம்பரை நோய்க்குறித்தொகுப்போடு இவற்றுக்குத் தொடர்பு இல்லை’ என்பதைச் சொல்லத்தான் சீதப்படல ஷ்வான் செல் ஹமார்ட்டோமா என்ற பெயரையே வைத்தார்கள். மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவதற்காகவே பிறந்த பெயர் இது. அதைத் தமிழில் ‘குடல் நரம்புக் கட்டி’ என்று பொதுவாக வைத்தால், பிரித்ததை நாம் மறுபடி ஒன்றாகப் போட்டுக் கலக்குகிறோம்.

இது ஏட்டளவில் நிற்கும் கவலை இல்லை. வெளியூர் ரிப்போர்ட் ஒன்றோடு ஒரு குடும்பம் அண்மையில் வந்தது. அம்மாவுக்கு ஐம்பது வயதைத் தாண்டிய பருவம், குடலில் எடுத்தது சுண்டு விரல் நகத்தில் பாதிகூட இல்லாத பாலிப். தாளில் இருந்த ‘நியூரோஃபைப்ரோமா’ என்ற பெயரை மகன் இணையத்தில் தேடியிருக்கிறார். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று படித்திருக்கிறார். வீட்டில் பெண்ணுக்குக் கூடிவந்த வரன் பேச்சை நிறுத்தி வைத்துவிட்டார்கள். கட்டையை வாங்கி மறுபடி சீவி, எஸ்-100-உம் நியூரோஃபிலமென்ட்டும் போட்டேன். முழுக்கச் சீரான பழுப்பு. நரம்பிழை தேடினாலும் கிடைக்கவில்லை. “இது பரம்பரை நோய் இல்லை, எடுத்தாயிற்று, அவ்வளவுதான்” என்று சொன்னதும் அந்தப் பெண் எழுந்து வெளியே போய்விட்டாள். அழுதுவிட்டுத் திரும்பி வந்தாள். ஒரு பெயர் அந்த வீட்டில் செய்த வேலை அது.

இனி, வந்த கருத்துகளுக்கு என் பதில்.

> ‘நரம்பு’ என்ற சொல் எல்லாருக்கும் தெரியும், அதை ஏன் ஒதுக்க வேண்டும்?

தெரியும் என்பதுதான் சிக்கல். பேச்சுத்தமிழில் நரம்பு என்றால் ரத்தக்குழாயும்தான். “ஊசி போட நரம்பே கிடைக்கலை” என்றுதான் வார்டில் சொல்கிறோம். ‘பச்சை நரம்பு’ என்று கையில் காட்டுவதும் சிரையைத்தான். இன்னொரு பக்கம் சுவரெல்லாம் ‘நரம்புத் தளர்ச்சி’ விளம்பரம். குடலில் நரம்புக் கட்டி என்றால் ஒருவர் ரத்தக்குழாய் புடைத்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வார், இன்னொருவர் வெளியே சொல்லக் கூசும் எதையோ நினைப்பார். நரம்பு என்பதை அடியோடு தவிர்க்கச் சொல்லவில்லை. பெயரின் தலையில் அது தனியாக நிற்க வேண்டாம் என்கிறேன். ‘நரம்புறைக் கட்டிகள்’ என்று வகுப்புக்குப் பெயராக வைத்துக்கொள்ளலாம். ஷ்வான் கட்டி, நரம்புநார்க் கட்டி எல்லாம் அதன்கீழ் வரட்டும்.

> ஷ்வான் என்ற ஆள்பெயரைத் தூக்கிவிட்டு ‘உறைசெல்’ என்று வைக்கலாமே?

நரம்புக்கு உறைகள் பல. ஒவ்வோர் இழையையும் அணைத்துக் கிடப்பது ஷ்வான் செல். இழைகள் பல சேர்ந்த கற்றையைச் சுற்றி இன்னோர் உறை. கற்றைகளை எல்லாம் சேர்த்துப் பிடிக்கும் வெளியுறை வேறு. கற்றையுறையிலிருந்து வருவது பெரிநியூரியோமா. அதுவும் குடல் சீதப்படலத்தில் சிறு பாலிப்பாகத்தான் வரும், ரம்பப்பல் போன்ற சுரப்பிக் குழிகள் கூடவே இருக்கும், எஸ்-100 ஏறாது, இஎம்ஏ ஏறும். குடல் சீதப்படலத்தின் நுண்ணிய நரம்பிழைகளுக்கு அந்தக் கற்றையுறையே இல்லாதபோது இது எங்கிருந்து முளைக்கிறது என்பது எனக்குத் தீராத வியப்பு. ‘உறைசெல்’ என்று பொதுவாக வைத்தால் இந்த இரண்டும் ஒன்றாகிவிடும். ஷ்வான் இருக்கட்டும். 1836-இல் இரைப்பைச் சாற்றில் பெப்சினைக் கண்டுபிடித்தவரும் அதே தியோடோர் ஷ்வான்தான். குடலுக்கு அந்நியர் இல்லை.

> ஹமார்ட்டோமாவுக்கு ‘வழுக்கட்டி’. கிரேக்க மூலமும் பிழை என்ற பொருள்தானே?

1904-இல் ஆல்பிரெக்ட் என்ற ஜெர்மானிய நோயியலாளர் இந்தச் சொல்லை ஆக்கியபோது, குறி தவறுதல், பிழை என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்துதான் எடுத்தார். அவர் சொல்ல வந்தது, அந்தந்த உறுப்புக்குச் சொந்தமான திசுவே அளவு மீறி, ஒழுங்கில்லாமல் கூடிக் கிடப்பது. ஆனால் ‘உங்கள் உடம்பில் வழு’ என்று ஒரு தாளில் எழுதி நோயாளி கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. ‘கட்டி’யும் வேண்டாம். அக்குளில் வரும் சீழ்க்கட்டியும் கட்டி, மார்பில் வரும் புற்றும் கட்டி. இங்கே இருப்பது கைக்குத் தட்டுப்படாத ஒரு மேடு.

என் பரிந்துரை திசுமிகை. இடத்துக்கு உரிய திசு, அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. முழுப்பெயர் சீதப்படல ஷ்வான் திசுமிகை. குழு என்ன நினைக்கிறது?

அன்புடன்,
திசுநோயியல் மருத்துவர், மதுரை

*

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம்.

மடலை இரண்டு முறை படித்தேன். அந்தப் பெண்பிள்ளையைப் பற்றிப் படித்தபின், ‘வழுக்கட்டி’ என்ற என் பரிந்துரையை விட்டுவிட எனக்குத் தடையில்லை. வழு இலக்கணத்தில் மதிப்புள்ள சொல். வழுவமைதி என்று அதற்கு மன்னிப்பும் வைத்தவர்கள் நாம். நோயாளியிடம் அந்த விளக்கத்தைச் சொல்லிக்கொண்டிருக்க முடியாதுதான்.

‘மிகை’ நல்ல தேர்வு. அளவுக்கு மேற்பட்டது என்பது நேர்ப்பொருள். மிகைபடக் கூறலை நன்னூல் பத்துக் குற்றங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. அந்த வகையில் ஆல்பிரெக்ட் நினைத்த பிழையும் சொல்லுக்குள் மறைவாக இருக்கிறது. யாரையும் சுட்டாமல் இருக்கிறது.

எனக்கு இரண்டு ஐயங்கள். ஹைப்பர்பிளாசியாவுக்கு ‘மிகைப்பெருக்கம்’, ‘மிகைவளர்ச்சி’ என்று முன்பே எழுதி வருகிறோம். மாணவர் இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார்களா? அடுத்து, திசு என்பதே டிஷ்யூவின் ஒலியைத் தழுவிய சொல். அதன்மேல் இன்னொரு சொல்லைக் கட்டுவது எனக்கு நெருடுகிறது. வேறு வழி இல்லையென்றால் எதிர்க்க மாட்டேன்.

புணர்ச்சியில் சிக்கல் இல்லை. திசுமிகை என்றே சேர்த்து எழுதலாம், நடுவில் ஒற்று வராது. பன்மைக்குத் திசுமிகைகள்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கும்பகோணம்

*

எல்லாருக்கும் வணக்கம்.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன், குடல்நோக்கிப் பரிசோதனை செய்பவன். ஐயா கேட்ட இரண்டாவது ஐயத்துக்கு எங்கள் பக்கத்தில் விடை இருக்கிறது. டிஷ்யூவை நாங்கள் பள்ளிக்கூடத்திலேயே இழையம் என்றுதான் படித்தோம். செல்லுக்குக் கலம். சீதப்படலத்தைச் சீதமென்சவ்வு என்போம். எனவே எனக்கு இயல்பாக வருவது ‘ஷ்வான் இழையமிகை’. இது பிடிவாதம் இல்லை. அகராதியில் இரண்டு வடிவமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரு கரையிலும் படிக்கிற பிள்ளைகளுக்கு உதவும். 1847-இல் இங்கே வந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து, பாடநூல்களையும் தமிழாக்கினார். அவர் காலத்துச் சொற்களில் நிலைத்தவையும் உண்டு, உதிர்ந்தவையும் உண்டு. மாணவர் வாயில் ஏறியவை நிலைத்தன என்பது என் எண்ணம்.

நான் சொல்ல வந்தது வேறொன்று. பாலிப்பை என்ன செய்யப் போகிறோம்? இந்த இழையில் ஒருவர் ‘குடல்முளை’ என்றார். தயவுசெய்து வேண்டாம். இந்தத் திசுமிகை கூடுதலாக வருவது பெருங்குடலின் கடைப்பகுதியிலும் மலக்குடலிலும். அந்த இடத்தில் முளை என்றால் எங்கள் ஆட்களுக்கு மூலமுளைதான். “டொக்டர், மூலத்துக்கு நாட்டுமருந்து எடுக்கிறன், அது போதும்தானே” என்பார்கள். தொங்குதசையும் சரிவராது, அதில் தசையும் இல்லை, இது தொங்குவதும் இல்லை. திரையில் பார்த்தால் சுற்றியிருக்கும் சவ்வின் நிறமேதான், மெல்லிய மேடு. பல தடவை சாதாரண ஹைப்பர்பிளாஸ்டிக் பாலிப் என்று நினைத்துத்தான் கிள்ளுவோம். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, உங்களிடம் வந்தால்தான் தெரியும்.

நோயாளிகள் தாங்களாகச் சொல்வது “குடலுக்கை சின்னச் சதை வளர்ந்திருக்காம்” என்று. அந்தச் ‘சதை வளர்ச்சி’யைப் பேச்சுக்கு வைத்துக்கொண்டு, தாளில் பாலிப் என்றே விட்டால் என்ன? அந்தச் சொல் ஏற்கெனவே எல்லார் வாயிலும் இருக்கிறது.

அக்காவிடம் ஒரு கேள்வியும் உண்டு. ஹமார்ட்டோமா என்றால் அந்த இடத்துத் திசுக்கள் பலவும் கலந்து கூடியிருக்க வேண்டாமா? இங்கே ஷ்வான் கலம் ஒன்று மட்டும்தானே? அப்படியானால் மூலப்பெயரே சரியா?

*

ஐயாவுக்கும் யாழ்ப்பாணத்துத் தம்பிக்கும் நன்றி.

தம்பியின் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், அதுதான் வேரைத் தொடுகிறது. பாடநூல் இலக்கணப்படி நுரையீரல் ஹமார்ட்டோமாவில் குருத்தெலும்பு, கொழுப்பு, மூச்சுக்குழல் படலம் எல்லாம் கலந்து கிடக்கும். நம்முடையதில் ஒரே வகைச் செல்தான். இதை ஹமார்ட்டோமா என்பதா, ஷ்வான் செல்களின் தீங்கற்ற பெருக்கம் என்பதா என்று கேட்க இடமுண்டு. ஆனால் கவனியுங்கள்: நாம் ‘திசுமிகை’ என்று வைப்பது இந்தக் கேள்வி எந்தப் பக்கம் தீர்ந்தாலும் நிற்கும். ஷ்வான் திசு மிகையாக இருக்கிறது என்பதை யாரும் மறுக்கப்போவதில்லை. மூலப்பெயர் நாளை மாறினாலும் நம் பெயர் பொய்யாகாது. ‘கட்டி’ என்று வைத்தால் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறோம், ‘வழு’ என்று வைத்தால் மறுபக்கம்.

மிகைப்பெருக்கத்தோடு குழம்புமா என்று ஐயா கேட்டது நியாயம். மிகைப்பெருக்கம் என்பது நிகழ்வு. தூண்டுதலால் செல்கள் பெருகுவது, பெரும்பாலும் தூண்டுதல் நின்றால் அடங்குவது. திசுமிகை என்பது பொருள். கிள்ளி எடுத்துக் குப்பியில் போடலாம். ‘பெருக்கம்’ என்று முடிந்தால் நிகழ்வு, ‘மிகை’ என்று முடிந்தால் பொருள் என்று அகராதி முன்னுரையில் ஒரு வரி எழுதிவிடலாம். பாடம் எடுக்கும்போது இந்த வேறுபாட்டை ஒரு தடவை சொன்னால் மாணவருக்குப் பதிந்துவிடும்.

திசுவா இழையமா என்பதில் எனக்கு இரண்டும் சம்மதம். தமிழ்நாட்டுப் பாடநூலில் திசு வேரூன்றிவிட்டது, ஒலி எங்கிருந்து வந்தது என்பதற்காக இனி அதைப் பிடுங்க முடியாது. அகராதியில் ‘திசுமிகை, இழையமிகை’ என்று இரண்டையும் ஒரே பதிவில் கொடுப்போம். சீதப்படலம், சீதமென்சவ்வு இரண்டுக்கும் அப்படியே. ‘சளிச்சவ்வு’ என்று எழுதுவோரைப் பார்க்கிறேன். சளி என்றால் நம்மவர்க்கு மூக்கும் நெஞ்சும்தான். “குடல்ல சளி கட்டியிருக்கா டாக்டர்?” என்ற கேள்வியை அது வரவழைக்கும். பாலிப், பாலிப்பாகவே இருக்கட்டும். மூலமுளை பற்றித் தம்பி சொன்னது மிகச் சரி, இங்கேயும் அதே கதைதான்.

‘தீங்கற்ற’ என்ற அடைமொழியைப் பெயரில் சேர்க்கலாமா என்று ஒருவர் தனிமடலில் கேட்டிருந்தார். வேண்டாம் என்பேன். தீங்கற்ற திசுமிகை என்று எழுதினால், அப்படியானால் தீங்குள்ள திசுமிகை ஒன்று இருக்கிறதா என்று மனம் தேடும். அந்தச் செய்தி பெயருக்கு வெளியே, விளக்கத்தில், முழு வாக்கியமாக வர வேண்டும்.

அகராதிப் பதிவுக்கு நான் எழுதிப் பார்த்தது:

“சீதப்படல ஷ்வான் திசுமிகை: பெருங்குடலின், குறிப்பாக அதன் கடைப்பகுதியின், சீதப்படலத்தில் சில மில்லிமீட்டர் அளவில் காணப்படும் பாலிப். சுரப்பிக் குழிகளை விலக்கிக்கொண்டு ஷ்வான் செல்கள் மட்டுமே ஓரம் தெளிவின்றிப் பரவியிருக்கும். நரம்புமுடிச்சுச் செல்கள் இரா. எஸ்-100 முழுக்க ஏறும். இஎம்ஏ, சிடி117 ஏறா. நரம்புநார்க் கட்டி, சீதப்படல நரம்புப் புடைப்பு, கேங்க்ளியோநியூரோமா ஆகியவற்றிலிருந்து பிரித்தறிய வேண்டும். என்எஃப்-1, மென்-2பி ஆகிய பரம்பரை நோய்க்குறித்தொகுப்புகளோடு தொடர்பற்றது.”

கடைசி வாக்கியத்தை இடம் கருதி யாரும் வெட்டிவிட வேண்டாம் என்று தொகுப்பாளரைக் கேட்டுக்கொள்கிறேன். மற்ற எந்த வரியைச் சுருக்கினாலும் எனக்கு வருத்தமில்லை.

நோயாளிக்குக் கொடுக்கும் தாளில் இந்தப் பெயரைப் போட்டு, அதன்கீழ் இப்படி எழுதலாம் என்று நினைக்கிறேன்:

“உங்கள் பெருங்குடலின் உள்படலத்தில் இருந்து எடுத்த சிறு பாலிப்பில், நரம்பிழைகளுக்கு உறையாக இருக்கும் செல்கள் கொஞ்சம் கூடுதலாகச் சேர்ந்திருக்கின்றன. இது புற்றுநோய் இல்லை. இது பரம்பரையாக வருவதும் இல்லை. உங்கள் பிள்ளைகளுக்கு இதற்காகச் சோதனை தேவையில்லை. எடுத்ததே போதும். அடுத்த கொலனோஸ்கோப்பி எப்போது என்பதை உங்கள் மருத்துவர் மற்ற பாலிப்புகளையும் வயதையும் பார்த்துச் சொல்வார்.”

‘உறையாக இருக்கும் செல்கள்’ என்பதில் யாழ்ப்பாணத் தாளுக்குக் கலங்கள் என்று மாற்றிக்கொள்ளுங்கள் தம்பி. உங்கள் நோயாளிகள் சிலருக்குப் படித்துக் காட்டி, எந்த வரியில் நின்று கேள்வி கேட்கிறார்கள் என்று எழுதினால் திருத்திக்கொள்ளலாம். நானும் இங்கே காட்டுகிறேன்.

கேங்க்ளியோநியூரோமாவைப் பதிவில் அப்படியே ஒலிபெயர்த்து வைத்திருக்கிறேன். ‘நரம்புமுடிச்சுக் கட்டி’ என்று வைத்தால், கேள்விப்படுபவர் கெண்டைக்காலில் நரம்பு முடிச்சிட்டு நிற்கும் வெரிகோஸைத்தான் நினைப்பார். ஐயாவுக்கு நல்ல சொல் தோன்றினால் தனி இழையாகவே தொடங்குங்கள். அதில் ஒற்றையாக வருவது, பல பாலிப்புகளாக வருவது, சுவரில் பரவி வருவது என்று மூன்று வகைக்கும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கிறது. மூன்றாவதைக் கண்டால் தைராய்டைப் பார் என்று படிப்பவருக்கு உடனே தோன்ற வேண்டும்.

அன்புடன்,
திசுநோயியல் மருத்துவர், மதுரை